கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே காண்டாக்ட் பட்டியல்: நீங்கள் பட்ட அனுபவம் என்ன?

எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் பெயர், நம்பர், முகவரி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பதிவாகும். வெளிவேலைக்குப் போகிறவர்கள் கையில் போன். காலையில் மேஜையில் சேர்த்த நம்பர் மதியம் போனில் இருக்க வேண்டும். வழியில் போனில் திருத்தியது சாயங்காலம் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். அதற்காக ஒரு சிங்க் மென்பொருள் போட்டிருந்தோம், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது கம்ப்யூட்டரில் இருந்த முகவரிப் புத்தகக் கோப்பு கெட்டுவிட்டது. மெயில் மென்பொருள் அதைப் படிக்க முடியாமல், அதே பெயரில் காலியாக ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டது. சிங்க் மென்பொருள் பார்த்தது: போன தடவை இருந்த பெயர்கள் இப்போது இல்லை. அப்படியென்றால் டெலீட் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் போனிலும் டெலீட் செய்ய வேண்டும். ஒரு வார்த்தை கேட்காமல் செய்து முடித்துவிட்டது. வெளியே இருந்தவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "யார் பெயரைத் தேடினாலும் வரலையே" என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

காப்பாற்றியது, அந்தப் போன் கூகுள் அக்கவுண்டோடு இணைந்திருந்ததுதான். கூகுள் காண்டாக்ட்ஸை கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்தால் செட்டிங்ஸில் மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் முன்பு, ஒரு மணி நேரம் முன்பு, நேற்று, ஒரு வாரம் முன்பு என்று தேர்ந்தெடுக்கலாம். அதிகபட்சம் 30 நாள் பின்னால் போகலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டியல் முழுவதும் அந்த நேரத்து நிலைக்குத் திரும்பிவிடும், இடையில் சேர்த்த புது நம்பர்கள் போய்விடும். அதனால் இப்போது இருப்பதை முதலில் ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டுப் பிறகு பின்னால் போங்கள். ஆப்பிளின் ஐகிளவுடிலும் இதுபோலப் பழைய பிரதியை மீட்கலாம், அதற்கும் 30 நாள்தான்.

சிங்க் இருக்கிறதே, அதுவே பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. சேர்த்ததை எப்படி மறுபக்கம் கொண்டுபோகிறதோ, அழித்ததையும் அப்படியே, அதே வேகத்தில் கொண்டுபோகும். எங்களிடம் இப்போது மாதாமாதம் ஒரு விசிஎஃப் கோப்பு (காண்டாக்ட்களை எழுதி வைக்கும் பொதுவான வடிவம், விகார்டு என்பார்கள்), தேதி போட்டு, எந்த சிங்க்கும் தொடாத ஒரு ஃபோல்டரில் சேர்கிறது.

நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள்.

* * *

பாம் பைலட் காலத்திலிருந்து இந்த வேலையைப் பார்த்து வருகிறேன். 1996இல் வந்த, பெயர், நம்பர் எல்லாம் வைத்துக்கொள்ளும் கைக்கருவி அது. தொட்டிலில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரோடு பேசி முடித்துவிடும். இன்றைக்கும் நான் மதிப்பது அதிலிருந்த இரண்டு விஷயங்களை.

முதலாவது, ஒரு பெயரை டெலீட் செய்யும்போது, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று அந்த இடத்திலேயே ஒரு டிக் பெட்டி கேட்கும். கைக்கருவியிலிருந்து போய்விடும், ஆனால் உலகத்திலிருந்தே போய்விடாது. நண்பரின் அலுவலகத்தில் நடந்ததைப் படிக்கும்போது இந்தப் பெட்டிதான் கண்முன் வந்தது.

இரண்டாவது, எந்தப் பக்கம் எதை மேலெழுத வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லலாம்: இரண்டையும் ஒத்துப்பார், கம்ப்யூட்டர் சொல்வதே சரி, கைக்கருவி சொல்வதே சரி, ஒன்றும் செய்யாதே. நான்கே நான்கு. ஒரே ஆளின் நம்பரை இரு பக்கமும் வேறு வேறாக மாற்றியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, பார்த்துத் தீர்த்துக்கொள் என்று நம்மிடம் விட்டுவிடும். இன்றைய மென்பொருள் பலவும் கடைசியாக மாற்றியது எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடுகின்றன. பாதுகாப்பு என்று பார்த்தால் பழைய வழிதான் எனக்குப் பிடித்தது.

ஆப்பிளின் பழைய சிங்க் மென்பொருளான ஐசிங்க்கிலும் நல்ல ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதில் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறப்போகிறது என்றால் நிறுத்திக் கேட்கும். எந்த மென்பொருளை வாங்கினாலும் இப்படி ஒரு தடுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

* * *

என் அம்மாவின் போனில் வேறு விதமான தொல்லை. சிங்க் எல்லாம் ஆன் ஆகித்தான் இருந்தது. ஆனாலும் லேப்டாப்பில் பாதிப் பேர் வரவே இல்லை. ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தபோது சிலர் அக்கவுண்டில், சிலர் 'சாதனம்' என்ற இடத்தில் (அதாவது போனுக்குள்ளேயே), இன்னும் சிலர் சிம்மில். அக்கவுண்டில் இருப்பவர்கள் மட்டும்தான் வெளியே போவார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. போன் திரையில் எல்லாரும் ஒரே வரிசையில் கலந்து தெரிவதால் வித்தியாசம் கண்ணுக்கே படாது.

சிம்மிலிருந்து வந்த பெயர்கள் வேறு பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. சிம்மில் பெயருக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் மிகச் சிறியது, தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். எல்லாரையும் அக்கவுண்டுக்கு நகர்த்தினேன். புதிய பெயர் சேர்த்தால் இயல்பாக அங்கேயே போகும்படி செட்டிங்ஸிலும் மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பிரச்சினை இல்லை.

ஒரு கேள்வி: பெரிய நிறுவனங்களின் அக்கவுண்ட் இல்லாமலே இதைச் செய்ய வழி உண்டா?

* * *

கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்வார்கள். நான் தமிழ்ப் பெயர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்கள் நம்மில் நிறைய.

ஒரு நண்பரின் பழைய போனிலிருந்து எடுத்த விசிஎஃப் கோப்பு என்னிடம் வந்தது. கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்தால் பெயர் வரவேண்டிய இடத்தில் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் கோடு கோடாக நின்றது. நண்பர் எல்லாம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டார். நோட்பேடில் திறந்து பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. பதிப்பு என்ற வரியில் 2.1 என்று இருந்தது.

அது விகார்டு வடிவத்தின் 1996ஆம் வருடப் பதிப்பு. அதில் ஆங்கிலமல்லாத எழுத்தை அப்படியே எழுதாமல், ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு குறியீடுகளுமாக மாற்றி எழுதுவார்கள். எல்லா மொழி எழுத்தையும் கம்ப்யூட்டரில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். ஆக வெறும் 'அ' என்பதற்கே ஒன்பது குறிகள். 'கா' என்றால் க ஒன்று, துணைக்கால் ஒன்று என்று கணக்கு, பதினெட்டுக் குறிகள். கொஞ்சம் நீளமான பெயர் என்றால் வரி நிறைந்து அடுத்த வரிக்கு உடைந்துவிடும். அந்த உடைந்த வரியைச் சரியாக ஒட்டத் தெரியாத மென்பொருள்தான் இங்கே சொதப்பியது. 2.1ஐ முறையாகப் படிக்கிற இன்னொரு மென்பொருளில் போட்டதும் அத்தனை பெயரும் அழகாக வந்துவிட்டன. 2011இல் வந்த 4.0 பதிப்பில் யூடிஎஃப்-8 மட்டும்தான் என்று விதித்துவிட்டார்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது 3.0 அல்லது 4.0 என்று தேர்ந்தெடுக்க இடமிருந்தால் அதையே எடுங்கள்.

காற்புள்ளி போட்டுப் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பு இதைவிட ஆபத்து. கோப்பில் தவறே இருக்காது. எக்ஸெல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, சேமிப்போம். திறந்த உடனேயே நம்பரை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த கூட்டல் குறியும் பூஜ்யமும் போயிருக்கும். பன்னிரண்டு இலக்கம் என்றால் சுருக்கி, கடைசியில் +11 என்று காட்டும். அதை அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் எங்கேயும் இருக்காது. பிறகு அந்தக் கோப்பு சிங்க் வழியாகப் போனுக்கும் போய்விட்டால்? திறக்காமல், எக்ஸெல்லின் டேட்டா பகுதியிலிருந்து இம்போர்ட் செய்து, நம்பர் இருக்கும் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்றும், எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்றும் குறித்துவிட்டால் தப்பித்தீர்கள். என்னைக் கேட்டால் காண்டாக்ட் விஷயத்தில் சிஎஸ்வி பக்கமே போகாதீர்கள்.

* * *

பெரிய நிறுவனங்களின் அக்கவுண்ட் இல்லாமல் முடியுமா என்று கேட்ட சகோதரி, வழி இருக்கிறது. காண்டாக்ட்களை சர்வரோடு சிங்க் செய்ய கார்ட்டேவ் என்று ஒரு பொதுவான நெறிமுறை, 2011இல் முறைப்படி வெளியானது. நெக்ஸ்ட்கிளவுட் அல்லது ராடிகேல் மாதிரி ஒரு சர்வரை உங்களுடைய கம்ப்யூட்டரிலோ வாடகை இடத்திலோ நிறுவிக்கொண்டால் பட்டியலின் வீடு உங்கள் கையில். ஐபோனில் கார்ட்டேவ் அக்கவுண்ட் சேர்க்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது இல்லை, டேவ்எக்ஸ்5 என்ற செயலி போட வேண்டும். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளுக்கு 2021இல் வந்த 91ஆம் பதிப்பு முதல் தனி ஆட்-ஆன் தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்தது: ஒவ்வொரு ஆளும் தனித்தனி விகார்டு, ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஒரு அடையாளக் குறி தருகிறது. யாராவது மாற்றினால் அந்தக் குறியும் மாறும். பழைய குறியோடு போன் வந்து "இதை எழுதிக்கொள்" என்றால், இடையில் வேறு யாரோ மாற்றியிருக்கிறார்கள், முதலில் புதியதைப் படி என்று சர்வர் திருப்பி அனுப்பிவிடும். கம்ப்யூட்டரில் நான் முகவரியை மாற்றிய அதே நேரத்தில் மனைவி போனில் நம்பரை மாற்றினால் ஒன்று மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க முடியாது.

சின்னச் சின்னச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் பட்டியலில் சிலருக்குப் பிறந்த வருடம் 1604 என்று வந்தது. நாளும் மாதமும் சரி, வருடம்தான் நானூறு ஆண்டு பின்னால். வருடம் தெரியாத பிறந்தநாளை எழுத விகார்டின் 3.0 பதிப்பில் வழி கிடையாது. அதனால் ஒரு போன் மென்பொருள் 1604 என்று எழுதி, வருடத்தைக் காட்டாதே என்ற தன் சொந்தக் குறிப்பையும் பக்கத்தில் வைக்கிறது. அந்தக் குறிப்பு புரியாத மென்பொருள் வருடத்தை அப்படியே நம்பிவிடுகிறது. 1604 லீப் வருடம், ஆகவே பிப்ரவரி 29இல் பிறந்தவர்களும் விடுபடாமல் வந்திருந்தார்கள். சர்வரில் அந்த விகார்டுகளை 4.0க்கு மாற்றி, வருடம் வர வேண்டிய இடத்தில் இரண்டு சிறு கோடு போட்டதும் சரியாகிவிட்டது. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒரே ஒருவருடைய விகார்டில் செய்து பார்த்து, அது எல்லாக் கருவியிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகு மற்றவர்களுக்குப் போங்கள்.