குடியிருப்போரே முன்னின்று பகுதியைச் சீரமைக்க: முதலில் எதைத் தொடுவது?

மேட்டுத்தெரு கேட்டது:

சுமார் 400 வீடுகள் உள்ள நெருக்கமான நகரப் பகுதி. பாதிக்கு மேல் வாடகைக்காரர்கள். சந்துகளில் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. நடுவில் கிடக்கும் காலி மனையில் வெளியாட்கள் லாரியில் வந்து இடிபாடும் குப்பையும் கொட்டுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். பூங்காவும் சுவர் ஓவியமும் செய்து தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் சொல்கிறது. குழுவில் சிலருக்கு அதில் விருப்பம், சிலர் வடிகால்தான் முதலில் என்கிறார்கள். எந்த வரிசையில் போவது? பணம் யார் கையில் இருக்க வேண்டும்? வேலை முடிந்ததும் வாடகை ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கணக்கெடுப்பு:

பூங்கா, வடிகால் இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுங்கள். 1985-இல் மும்பை நடைபாதைவாசிகளை ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு அந்த மக்களோடு சேர்ந்து கணக்கெடுத்தது. அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத குடும்பங்கள் அதன் பிறகுதான் அதிகாரிகளிடம் எண்ணிக்கையோடு பேச முடிந்தது.

சந்துக்கு இரண்டு பேர், இருவரும் அதே சந்துக்காரர்கள், ஒருவராவது பெண். ஒவ்வொரு கதவுக்கும் எண் போடுங்கள். ஒரே வீட்டில் நான்கு அறைகளில் நான்கு குடும்பம் இருந்தால் நான்கு வரி. கேள்விகள் பத்துக்குள் நிற்கட்டும்: எத்தனை பேர், சொந்தமா வாடகையா, எத்தனை வருடமாக, கழிப்பறைக் கழிவு எங்கே போய்ச் சேருகிறது, தண்ணீர் எங்கிருந்து. வருமானத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் பாதி வீடுகளில் கதவு மூடிக்கொள்ளும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது வாடகைக்காரர் எண்ணிக்கையில்தான். வரிக்குப் பயந்து வீட்டுக்காரர் குறைத்துச் சொல்வார், அதனால் குடியிருப்பவரையே கேளுங்கள். முடிந்ததும் கதவு எண், ஆள் எண்ணிக்கை மட்டும் கொண்ட பட்டியலைச் சந்து முனையில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். விடுபட்டவர்கள் தாங்களே வந்து சொல்வார்கள்.

முன்னுரிமையைக் கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லி முடிவு செய்ய வேண்டாம். சத்தமாகப் பேசுகிற ஐந்து பேரின் விருப்பம் எல்லோருடைய விருப்பமாகப் பதிவாகிவிடும். பிரிட்டனில் டோனி கிப்சன் உருவாக்கிய முறை நல்லது: அட்டையில் பகுதியின் மாதிரியைச் செய்து மேசையில் வைத்து, தேவைகளை எழுதிய சீட்டுகளைப் பேசாமல் அந்தந்த இடத்தில் வைக்கச் சொல்வது. பிறகு சீட்டுகளை ‘இப்போது’, ‘சீக்கிரம்’, ‘பிறகு’ என்று மூன்றாகப் பிரிப்பது. வாய் திறக்கத் தயங்குகிறவர்கள்கூட சீட்டு வைப்பார்கள்.

வாட்டம்:

வடிகால் பற்றி மட்டும் சொல்கிறேன். பாகிஸ்தானில் கராச்சி நகரின் ஒராங்கி என்ற குடிசைப் பகுதியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டத்தின் அடிப்படை இன்றும் செல்லும்: அலகு என்பது ஒரு சந்து, 20 முதல் 30 வீடு. வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் குழாய் வரை மக்கள் செலவு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரரை விலக்கி, வடிவமைப்பையும் எளிமையாக்கியதால் செலவு பெருமளவு இறங்கியது.

குழி தோண்டும் முன் கீழ் முனையைப் பாருங்கள். தரை சமமாக இருக்கும் 60 மீட்டர் சந்தில் 150 மி.மீ. குழாய்க்கு 80-க்கு 1 வாட்டம் (80 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு) கொடுத்தால் 75 செ.மீ. இறங்கும். மேல் முனையில் 60 செ.மீ. ஆழத்தில் தொடங்கினால் கீழே 135 செ.மீ. நீங்கள் சேரப்போகும் குழாய் அதற்கும் கீழே இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே கூடாது. கண் மதிப்பீடு போதாது. ட்யூப் லெவலில் (இரு முனையிலும் நீர்மட்டம் சமமாக நிற்கும் தெளிவான ரப்பர் குழாய்) தண்ணீர் நிரப்பி 5 மீட்டருக்கு ஒரு குறி போடுங்கள்.

குழாயைக் கீழிருந்து மேலாகப் பதிக்க வேண்டும், சாக்கெட் வாய் (அடுத்த குழாய் நுழையும் அகன்ற முனை) மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். அடியில் 10 செ.மீ. மணல். சிமென்ட் கலவையில் இணைப்பவர்கள் உள்ளே பிதுங்கும் கலவையை ஈரச் சாக்கை இழுத்துத் துடைத்தே ஆக வேண்டும். அந்தச் சிறு பிசிறில்தான் முதல் துணி சிக்கும், ஆறு மாதத்தில் அடைப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும், நேராகப் போனால் 30 மீட்டருக்கு ஒன்றும் மேன்ஹோல். அதன் தளத்தைத் தட்டையாக விடாமல் வாய்க்கால் போல வளைத்துப் பூசுங்கள். மேன்ஹோலுக்கும் மூடிக்கும் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி ஆற விடுங்கள். அவசரத்தில் மூடியைப் போட்டால் முதல் வண்டியிலேயே உடையும்.

மூடும் முன் சோதனை: கீழ் முனையை அடைத்து, மேல் மேன்ஹோலில் தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் மட்டத்தைப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் இணைப்பு ஒழுகுகிறது.

வீட்டுக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவே ஒரு சிறு தொட்டி வையுங்கள், கெட்டியானது அங்கேயே தங்கும். அதை அள்ளும் பொறுப்பு அந்தந்த வீட்டுக்கு. மழைநீரை இதே குழாயில் விடாதீர்கள். மண் வந்து படிந்து, சாதாரண ஓட்டத்தில் அது நகராது.

இன்னொன்று: குறுகிய சந்தில் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழே பள்ளம் போகும் இடத்தில் நீளமாகத் தோண்டிப் போடாதீர்கள். 5 மீட்டர் தோண்டு, பதி, சோதி, அன்றே மூடு. ஒன்றேகால் மீட்டர் ஆழம் தாண்டினால் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

வரவுசெலவு:

பணம் குழுவிடமோ தொண்டு நிறுவனத்திடமோ போக வேண்டாம். சந்தின் பணம் சந்திலேயே இருக்கட்டும். ஒராங்கியிலும் அமைப்பு வரைபடமும் ஆலோசனையும் தந்தது, வசூல், சந்துக்காரர்களே தேர்ந்தெடுத்த சந்து மேலாளர் கையில் இருந்தது. மதிப்பீட்டோடு 10 சதவீதம் கூட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டுங்கள். முழுத் தொகையும் சேரும் முன் ஒரு மூட்டை சிமென்ட்கூட வாங்காதீர்கள். வேலை ஆரம்பித்துவிட்டால் மீதிப் பேர் கொடுக்க மாட்டார்கள். கொடுக்க முடியாதவருக்குத் தவணையா, உழைப்பா, தள்ளுபடியா என்பதைச் சந்துக் கூட்டத்தில் வெளிப்படையாக முடிவு செய்யுங்கள். ரகசியச் சலுகை வெளியே தெரிந்த அன்று வசூல் நின்றுவிடும்.

காலி மனையைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. லாரி நுழையும் வாயில் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் கான்கிரீட் கட்டைகளை நட்டு வழியை மறியுங்கள். இடிபாடு கொட்டிய மண்ணில் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் அதில் நேராகக் காய்கறி போடாதீர்கள்.

மேட்டுத்தெரு:

மிகவும் நன்றி. முதலில் தாழ்வான சந்து ஒன்றில் ட்யூப் லெவல் பிடித்துப் பார்க்கிறோம். வாடகை விஷயம்தான் மிச்சம்.

நிலஉரிமை:

அந்தப் பயம் நியாயமானது. ‘ஏறாது’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். குழாய் பதிக்கும் முன் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள்: இந்த வேலையைக் காரணம் காட்டி இத்தனை வருடத்துக்கு வாடகை கூட்டுவதில்லை, காலி செய்யச் சொல்வதில்லை, செலவில் பெரும்பங்கு தன்னுடையது. கையெழுத்து வராத வீட்டுக்கு இணைப்பு கடைசியில். வேலை முடிந்த பிறகு கேட்டால் ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்.

குழுவிலும் வாடகைக்காரர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் டட்லி தெருவில் 1984-இல் தொடங்கிய அமைப்பில், வெளி நிறுவனங்களுக்கு அதிக இடம் தந்த முதல் நிர்வாகக் குழுவைக் குடியிருப்போர் எதிர்த்து மாற்ற வைத்தார்கள். கறுப்பினத்தவர், கேப் வெர்டியர் (மேற்கு ஆப்பிரிக்கத் தீவு வழியினர்), லத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர் என நான்கு பிரிவுக்கும் ஆள் எண்ணிக்கை பார்க்காமல் சமமான இடம். சிறிய பிரிவு விலகிப் போகாமல் இருந்ததற்கு அது முக்கியக் காரணம். 1988-இல் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரமும் கிடைத்தது. அங்கே நிலத்தை அந்த அமைப்பின் அறக்கட்டளை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறது. மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு உண்டு. நிலவிலை ஏறினாலும் வீடு ஏழைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கும்.

உங்கள் காலி மனை யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பத்திரத்தைத் தேடிப் பாருங்கள். அரசு நிலமாக இருந்தால் நீண்டகாலக் குத்தகை கேட்கலாம். பூங்கா போட்ட பிறகு கேட்டால் மதிப்பு ஏறியிருக்கும், வேறு ஆட்களும் வரிசையில் நிற்பார்கள்.