புதுப்பிப்பு: கோபி பத்மினியை வாங்கியாச்சு, சூடானால் நின்றுபோகிற கோளாறும் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. போன மாசம் நான் கேட்டது இதுதான்: கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு 1984 பிரீமியர் பத்மினி கார், 70,000 ரூபாய் சொல்கிறார்கள், அரை மணி நேரம் ஓடினால் இன்ஜின் நின்றுவிடுகிறது, முதல் வண்டியாக இதை வாங்கலாமா?

65,000-க்கு முடித்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம், நல்லவேளை உடனே மாற்றவில்லை. வண்டி நின்றதும் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்க, சூட்டில் பெட்ரோல் ஆவியானதுதான் காரணம் என்றால் பம்ப் குளிர்ந்ததும் கிளம்பும், அப்பவும் கிளம்பாவிட்டால் பிளக்கில் பொறி வருதான்னு பாருங்க என்று திருப்பூர் அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். அதைத்தான் செய்தேன். ஈரத்துணிக்கு அசையவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில், பொறி வரவைக்கிற சின்னப் பாகங்களான கண்டென்சரையும் பாயின்ட்டையும் மாற்றினேன், சரியாகிவிட்டது. குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டால் இந்தச் செலவைவிட அதிகம் ஆகும். போன ஞாயிறு பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. (ஸ்டீயரிங் பக்கத்துக் கியர்தான் கைக்கு இன்னும் பழகவில்லை, பின்னால் வந்த லாரிக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.)

எதிர்பாராதது வண்டியின் தரைதான். தரை விரிப்பைத் தூக்கினால் டிரைவர் காலடியில் தகரம் துருப்பிடித்து ரோடு தெரிகிறது! வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 11,000 ஆனது. வாங்கும் முன்பே தூக்கிப் பார்த்திருந்தால் விலையில் பேசியிருக்கலாம்.

அப்புறம் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) காலாவதியாகி இருந்தது, 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டி, 5 வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனர் கையெழுத்தைப் பணம் கொடுத்த அன்றே வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, அவர் இப்போது மகன் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டார்.