விளையாடும் பிள்ளைகள் ஏன் குடிக்கிறார்கள்?

கதிர்:
மைதானத்துக்கு அனுப்பிவிட்டால் பிள்ளை கெட்டுப்போகாது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். போதைப்பொருள் விஷயத்தில் அது ஓரளவு சரி. மது விஷயத்தில் இல்லை. குழு விளையாட்டில் இருக்கும் பதின்வயதினர் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குடிப்பதாகவே பல ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் அணிதான் என்பேன். புதிதாக வந்த பையனிடம் சீனியர் ஒருவன் கோப்பையை நீட்டுகிறான், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்குப் பந்து தன் பக்கம் வருமா என்றுதான் அவன் யோசிப்பான்.

தேன்மொழி:
பழியை அணியின் மேல் போடுவது சுலபம், கதிர். நான் ஓட்டப் பயிற்சி தருகிறவள். தனியாக ஓடுகிற பிள்ளைகளும் குடிக்கிறார்கள். அவர்களுக்கு யார் கோப்பையை நீட்டியது? முழங்கால் காயத்தோடு மாதக்கணக்கில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். விளையாட்டைத் தவிர அவளுக்கு வேறு அடையாளமே இல்லை. அம்மா அப்பா கேட்பதெல்லாம் "எப்போது திரும்ப ஓடுவாய்?" என்பதுதான். அந்தப் பாரத்தைக் கொஞ்ச நேரம் மறக்கத்தான் குடிக்கிறாள்.

செல்வா:
இருவரும் சுற்றி வளைக்கிறீர்கள். மது உடம்பை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பயிற்சிக்குப் பின் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளப் புரதம் உருவாக வேண்டும். மது அதைக் குறைக்கும். சிறுநீரை அதிகமாக்கி நீர்ச்சத்தை இறக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

கதிர்:
செல்வா, தெரிந்தே குடிக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! தேன்மொழி அக்கா, நீங்கள் சொல்லும் பாரம் உண்மைதான். ஆனால் ஜெயித்த இரவில் குடிக்கிறார்களே, அது எந்தப் பாரத்தை மறக்க? 1967இல் பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தில் ஜெயித்த டான் கர்னி மேடையில் ஷாம்பெய்னைப் பீய்ச்சி அடித்தார். அது பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பீர் நிறுவனம் ஸ்பான்சர். வெற்றியென்றால் மது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தது நாம்தான். பிரான்ஸ் 1991இல் சட்டம் போட்டு விளையாட்டில் மது ஸ்பான்சரைத் தடுத்தது. மற்றவர்களால் ஏன் முடியாது?

தேன்மொழி:
தடுக்கட்டும், எனக்கும் சம்மதமே. ஆனால் ஐஸ்லாந்தையும் பாருங்கள். முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்த 15, 16 வயதினர் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5 சதவீதம். அவர்கள் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து விலக்கவில்லை, இன்னும் அதிகமாகக் கொண்டுவந்தார்கள். பயிற்சி பெற்ற கோச், இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு, பிள்ளைகளோடு நேரம் செலவிடும் பெற்றோர் எல்லாம் சேர்ந்தே வந்தன. அணிதான் காரணம் என்றால் அங்கே குடி கூடியிருக்க வேண்டுமே?

கதிர்:
அங்கே அணியைப் பெரியவர்கள் கையில் வைத்திருந்தார்கள். பல இடங்களில் ஆட்டம் முடிந்ததும் கோச் வீட்டுக்குப் போய்விடுகிறார், மிச்ச இரவு சீனியர்கள் கையில். உங்கள் பிள்ளைகள் போட்டி முடிந்து எங்கே போகிறார்கள், யாரோடு போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா அக்கா?

தேன்மொழி:
எல்லோரையும் பற்றித் தெரியாது. ஆனால் காயத்தில் இருப்பவர்களைத் தினமும் மைதானத்துக்கு வரச் சொல்கிறேன். நேரம் குறிக்கிற வேலை அவர்களுக்குத்தான்.