மூன்றாவது கியர் மட்டும் அரைக்கிறது, கியர்பாக்ஸை நானே பிரிக்கலாமா?

மூன்றாவது போடும்போது கரகரவென்று சத்தம், மற்றதெல்லாம் சுத்தமாக விழுகிறது. இதுவரை பிரித்ததில்லை. வீட்டில் முடியுமா?

பதில் 1:
முடியும். ஒரே கியர் என்றால் பெரும்பாலும் சிங்க்ரோ ரிங்தான் (கியர் விழும் முன் உரசி வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்). பித்தளை ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்து இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், மேனுவல் சொல்லும் அளவைவிட இடைவெளி குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அப்புறம், ஹப்பிலிருந்து (ஷாஃப்டோடு சுற்றும் நடுப்பகுதி) ஸ்லீவை (அதன்மேல் நகரும் வளையம்) உருவும்போது மேலே துணி போர்த்துங்கள், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தெறித்தால் தேடியே பொழுது போய்விடும்.

பதில் 2:
ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) அந்தந்த பேரிங்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், பிரஸ் வேண்டும்.

பதில் 3:
ஆயிலையும் பாருங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் சிலர் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றிவிடுவார்கள், சிங்க்ரோ சரியாகப் பிடிக்காது.

கேட்டவர்:
சரி, முதலில் ஆயிலை வடித்துப் பார்க்கிறேன்.