தேக்கடி மதகும் கம்பம்மெட்டு ஜீப்பும்

பத்திரிகைக்குப் படம் எடுக்கிற எனக்கு ஜூன் 1 என்றாலே ஓட்டம்தான். முல்லைப் பெரியாறு அணையில் போதுமான தண்ணீர் இருந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் முதல் போகத்துக்கு அன்றுதான் தேக்கடியில் மதகு திறப்பார்கள். கேரளத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் பெரும்பாலும் அன்றைக்கே. தென்மேற்குப் பருவமழையும் அதை ஒட்டி வந்து இறங்கும். நான் கம்பத்தில் இருப்பதால் தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டுமே என் பொறுப்பு. அப்படி ஓடிய ஒரு ஜூன் 1 பற்றிச் சொல்கிறேன்.

விடியுமுன் கம்பம்மெட்டு சாலை. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் நேரம். மலை வளைவில் ஃபிளாஷ் அடித்தால் ஓட்டுநருக்குக் கண் கூசும். எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நான் அடிக்க மாட்டேன். கேமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றிவிட்டு, டீக்கடை வெளிச்சத்தில் வண்டி நிற்கும்போது எடுப்பேன். மடியில் தூக்குச்சட்டி, மழைக்கு மடித்துவைத்த பிளாஸ்டிக் தாள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த அம்மா கேட்டார்:

"ஏத்தா, எங்க படத்தப் போடுறீக, பேரப் போட மாட்டேங்கிறீகளே. மந்திரிக்கு மட்டுந்தேன் பேரு இருக்கா?"

'தோட்டத் தொழிலாளர்கள்' என்று படக்குறிப்பை முடித்துவிடுவது எனக்கும் நெடுநாளாக உறுத்திய விஷயம். இடமிருந்து வலமாக எல்லோர் பேரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர்கள் சம்மதித்தது பேப்பருக்கு என்பதால் இங்கே சொல்லவில்லை.

தேக்கடியில் பேர் கேட்கிற வேலையே இல்லை. வந்திருக்கும் பிரமுகர்களின் பட்டியல் அச்சடித்தே கைக்கு வந்துவிடும். விநாடிக்கு 300 கனஅடி: பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100. இங்கிருந்து சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் இறங்கி, 14,707 ஏக்கர் நெல்லுக்குப் போகிற தண்ணீர். பூத்தூவும் படம் எல்லோருக்கும் கிடைத்தது. நான் கூடுதலாக, மதகை இயக்கிய ஊழியரையும் எடுத்தேன். பேர் கேட்டதும், "என்னையா?" என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து வண்டிப்பெரியாறு. பள்ளி வாசலில் பலூன்கள் இன்னும் கட்டியே இருந்தன. இந்த ஊர் இருக்கும் பீர்மேடு, 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்தோடு போனது. தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே வாழ்கின்றன, தமிழ்வழி வகுப்பும் இருக்கிறது. அழுகிற பிள்ளையைப் படம் பிடித்தால் முதல் பக்கம் நிச்சயம். ஆனால் பெற்றவர்களிடம் கேட்காமல் பிள்ளைகளை எடுப்பதில்லை என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு அப்பா வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

புற்றடி ஏலக்காய் ஏலத்தில் அரைமணி நேரம். வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து மாதிரிக் காயைப் பார்த்துப் பார்த்துக் கீழே போடுவதால் தரையெல்லாம் காய். காலையில் மலையேறிய பெண்கள் வளர்த்துக் கொடுக்கிற பயிர் காலடியில் கிடப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே தரையைத்தான் எடுத்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குமுளி மலைச்சாலையில் மரம் சாய்ந்து, வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டார்கள். லென்ஸைத் துடைக்கத் துடைக்க ஆவி படர்ந்தது. அதற்குள் அலுவலகத்திலிருந்து போன்: "ஜீப் படத்துக்கு இத்தனை பேர் எதுக்கு? இடம் இல்ல."

"மதகுப் படத்துல எத்தனை பேர் போட்டிருக்கீங்க, எண்ணிப் பாருங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, எழுத்தைச் சின்னதாக்கிக்கிறோம்" என்றார்.

போனை வைத்துவிட்டு, மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பேர் கேட்டேன். அவர் வாளை நிறுத்தி, "எனக்கு மட்டுமில்ல தாயி, கயிறு பிடிக்கிறானே, அவனையும் எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். மறுநாள் இருவர் பேரும் வந்திருந்தது.