கச்சான் (நிலக்கடலை) பருப்பு: இங்கே "எல்லைக்குள்", பாரிஸில் எல்லைக்கு மேல். எந்த அறிக்கை சரி?

முள்ளியவளை: எங்கள் பெண்கள் குழு கச்சானை வறுத்துப் பக்கெற் செய்து பாரிஸில் ஒரு தமிழ்க் கடைக்கு அனுப்பப் பார்க்கிறது. கையில் 500 கிலோ பருப்பு இருக்கிறது. ஒரு சாக்கிலிருந்து ஒரு கிலோ எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். பூஞ்சண நஞ்சான அஃப்ளாடொக்சின் மொத்தமாகக் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம், "எல்லைக்குள்" என்று அறிக்கை வந்தது. கடைக்காரர் வேறொரு சாக்கின் மாதிரியை அங்கே சோதிப்பித்தார்: 11. எதை நம்புவது? தை மழையில் நனைந்ததும் கொஞ்சம் இதற்குள் இருக்கிறது. வறுத்தால் நஞ்சு போய்விடாதா?

வவுனியா: அக்கா, இரண்டும் சரியாக இருக்கலாம். இந்த நஞ்சு சரக்கு முழுக்க ஒரே சீராக இருக்காது. பூஞ்சணம் பிடித்த சில பருப்புகளில் குவிந்து கிடக்கும்; ஒரு சாக்கில் அகப்படும், அடுத்ததில் அகப்படாது. 500 கிலோவுக்கு ஐரோப்பிய முறைப்படி 20 இடங்களில் 200 கிராம் வீதம் 4 கிலோ எடுத்து, அரைத்துக் கலந்த பிறகே சோதிக்க வேண்டும். சாக்கின் வாயிலிருந்து மட்டும் அள்ளாதீர்கள், நடுவிலும் அடியிலும் எடுங்கள்.

அறிக்கை எந்த எல்லையைச் சொல்கிறது? மேலும் பதப்படுத்தப் போகும் கச்சானுக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் எல்லை 15. நேரே சாப்பிட விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் மொத்தம் 4, அதில் மிகக் கொடிய பி1 வகை தனியாக 2.

முள்ளியவளை: 15 என்றுதான் போட்டிருக்கிறது, பி1 இல்லவே இல்லை. நல்ல பருப்போடு கலந்து அளவைக் குறைக்கலாமா என்று குழுவில் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் செக்குக்குக் கொடுக்கலாமா?

கிளிநொச்சி: கலக்கவே வேண்டாம் அக்கா, ஐரோப்பிய விதியில் அதற்குத் தடை இருக்கிறது. வறுத்தாலும் ஒரு பங்குதான் குறையும். நனைந்ததை முதலில் புறம்பாக்குங்கள். மற்றதைக் கையால் பொறுக்கி, சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் நீக்குங்கள். நஞ்சின் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கும். அப்புறம் பி1-ஐயும் கேட்டு மறுபடி சோதியுங்கள். ஆய்வுகூடங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் உண்டா என்று காசு கட்டுமுன் கேளுங்கள்.

கழித்ததைச் செக்குக்குக் கொடுக்காதீர்கள். எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும், மிச்சம் புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலில் எம்1 என்ற அஃப்ளாடொக்சின் வகையாக வரும். ஈரல் புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் இது. பாரிஸ் வேண்டாம் என்றதை எங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது.

முள்ளியவளை: சரி தம்பி, நாளைக்கே பொறுக்கத் தொடங்குகிறோம். அடுத்த போகத்துக்கு என்ன ஈரப்பதத்தில் சாக்குக் கட்டலாம்?

வவுனியா: பருப்பில் 7, 8 சதவீதத்துக்கு வந்த பிறகு. மண்ணில் பரப்பாமல் படங்கில் காயவையுங்கள்.