நர்சிங் டீச்சருக்கு வார்டு அனுபவம் "இருந்தா நல்லது" மட்டும்தானா?

இரவுப்பணி:
நேத்து வேற ஒரு திரியில ஒருத்தங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே இல்ல. "நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களுக்கு முதுகலை, பிஎச்.டி. இதுதான் அளவுகோல், வார்டு அனுபவம் இருந்தா நல்லது, இல்லாட்டியும் பெரிய குறை ஒண்ணும் இல்ல"ன்னு எழுதியிருக்காங்க. இருந்தா நல்லதாம்! படிச்ச கையோட முதுகலை, அது முடிச்ச கையோட டியூட்டர் வேலை, ஒரே ஒரு நைட் டூட்டி தனியா பார்த்தது கிடையாது, ஆனா ராத்திரி 3 மணிக்கு பேஷன்ட்டோட மூச்சு மாறுறதை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு பசங்களுக்கு இவங்க பாடம் எடுப்பாங்க.

இது என் சொந்தக் கருத்துன்னு தள்ளிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016ல நர்சிங் ஆசிரியர்களுக்கான அடிப்படைத் திறன்கள்னு ஒரு ஆவணம் வெளியிட்டாங்க. அதுல ஆசிரியரா வர்றவங்களுக்கு கடைசி 5 வருஷத்துக்குள்ள குறைஞ்சது 2 வருஷம் முழுநேர கிளினிக்கல் அனுபவம் வேணும்னு இருக்கு. கடைசி 5 வருஷத்துக்குள்ள. எப்பவோ ஒரு காலத்துல இல்ல. எழுதினவங்க இங்க இருந்தா பதில் சொல்லட்டும்.

கரும்பலகை:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், ஜாடை பேச வேண்டாம். நீங்க காட்டுற அதே ஆவணத்துல அடுத்து என்ன இருக்குன்னு ஏன் சொல்லல? வேலைக்கு முன்னாடியோ, சேர்ந்த கொஞ்ச நாள்லயோ முறையான ஆசிரியப் பயிற்சி எடுத்திருக்கணும்னு இருக்கு. அதை விட்டுட்டு உங்களுக்குத் தோதான வரியை மட்டும் உருவி எடுத்துட்டு வந்திருக்கீங்க. இன்னொண்ணு, அது புதுசா உள்ள வர்றவங்களுக்கான தகுதி. 11 வருஷமா பாடம் எடுக்கிற எனக்கு இல்ல. அப்படியே எனக்குன்னு வச்சுக்கிட்டாலும் வாரத்துல 3 நாள் மாணவிகளோட வார்டுல தான் நிக்கிறேன், அது கிளினிக்கல் இல்லாம வேற என்னவாம்?

இரவுப்பணி:
நிக்கிறீங்க. சரியா அந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கீங்க மேடம், நிக்கிறீங்க. பேஷன்ட் உங்க பொறுப்புல இருக்காரா? ஷிஃப்ட் மாறும்போது பேஷன்ட் பொறுப்பை ஹேண்ட் ஓவர் வாங்குறீங்களா, குடுக்குறீங்களா? மருந்து தப்பாப் போனா உங்க பேர் ரிப்போர்ட்ல வருமா, இல்ல அங்க இருக்கிற ஸ்டாஃப் நர்ஸ் பேர் வருமா? பசங்க கூட காலையில வந்து கேர் பிளான்ல கையெழுத்துப் போட்டுட்டு மத்தியானம் பஸ் ஏறுறது முழுநேர கிளினிக்கல் அனுபவம்னா அந்த வார்டுக்கு தினமும் சாப்பாட்டு வண்டி தள்ளிட்டு வர்றவருக்கும் அனுபவச் சான்றிதழ் குடுக்கலாம். கடைசி 5 வருஷம், 2 வருஷம், முழுநேரம். மூணு வார்த்தை. இதுல எது உங்களுக்குப் புரியல?

நாலாம்_வருஷம்:
நான் இப்ப படிச்சிட்டு இருக்கேன், ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க. எங்க டியூட்டர் ஒருத்தங்க போன போஸ்டிங்ல சிரிஞ்ச் பம்ப்ல (மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற மெஷின்) ரேட் மாத்தத் தெரியாம முழிச்சு, ஸ்டாஃப் சிஸ்டர் வந்து எங்க எல்லார் முன்னாடியும் அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மாத்தினாங்க, எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் அவங்க எது சொன்னாலும் யாரும் நம்பல. ஆனா இன்னொரு மேடம் ஐசியூல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவங்க, கையில எல்லாம் வரும், ஆனா ஏன்னு கேட்டா "பண்ணிப் பண்ணி வந்துடும்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பரீட்சைக்கும் அது உதவல, வார்டுலயும் உதவல.

கரும்பலகை:
இதைத்தான் நானும் சொல்றேன் தம்பி, நன்றி. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984லயே எழுதிட்டாங்க, புதுசா வர்ற நர்ஸ்ல இருந்து கைதேர்ந்த நர்ஸ் வரைக்கும் 5 படி, மேல போகப் போக விதியைப் பார்த்துச் செய்யறது குறைஞ்சு உள்ளுணர்வுல செய்வாங்க. அந்த உள்ளுணர்வை முதல் வருஷ மாணவிக்குப் பிச்சுப் பிச்சு விளக்குறது தனித் திறமை, அதுக்குத்தான் ஆசிரியப் பயிற்சி. செய்யத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லத் தெரியாது.

இரவுப்பணி:
தம்பியோ தங்கச்சியோ, முதல் பாதியைப் படிக்காம ரெண்டாவது பாதிக்கு மட்டும் நன்றி சொல்றாங்க பாருங்க. அந்தப் பம்ப் சம்பவத்துக்குப் பதில் எங்க? அந்த டியூட்டருக்குக் கடைசி 5 வருஷத்துல 2 வருஷம் வார்டு இருந்திருந்தா இது நடந்திருக்குமா? பென்னர் சொன்ன படியில ஏறணும்னா வார்டுல இருக்கணும், லைப்ரரியில ஏற முடியாது.

சும்மா_கேக்கறேன்:
ஒரு நிமிஷம். கிளினிக்கல் அனுபவம்னா என்ன, முழுநேரம்னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே? ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைச் சொல்ற மாதிரி இருக்கு.

இரவுப்பணி:
வார்டுல வேலை பார்த்தவங்களுக்கு அது என்னன்னு தெரியும். விளக்கம் கேட்கிறவங்களுக்குத்தான் தெரியாது.

கரும்பலகை:
இதுல முடிவு பண்ண ஒண்ணும் இல்ல. நான் வாரத்துல 3 நாள் வார்டுல இருக்கேன், அது கிளினிக்கல். அவ்வளவுதான்.

பழைய_ஏடு:
சரித்திரத்தையும் கொஞ்சம் பாருங்க. 1860ல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில நைட்டிங்கேல் பள்ளி ஆரம்பிச்சப்ப வார்டு சிஸ்டர்கள்தான் வார்டுலயே சொல்லிக்கொடுத்தாங்க, தனியா ஆசிரியர்னு பெரிய கூட்டம் கிடையாது. உலகத்துலயே முதல் நர்சிங் பேராசிரியர் மேரி அடிலெய்ட் நட்டிங், 1907ல கொலம்பியா பல்கலைக்கழகத்தோட டீச்சர்ஸ் காலேஜ்ல. அவங்க அதுக்கு முன்னாடி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில நர்சிங் தலைமையையே பல வருஷம் பார்த்தவங்க. ஆக முதல் பேராசிரியரே ஆஸ்பத்திரியில இருந்து வந்தவங்கதான்.

கரும்பலகை:
அரைச் சரித்திரம். ஆஸ்பத்திரியில நல்லா இருந்த நட்டிங் ஏன் பல்கலைக்கழகத்துக்குப் போனாங்க? வார்டுல மட்டும் கத்துக்கிட்டா பத்தாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சதாலதான். 1923ல அமெரிக்காவுல வந்த கோல்ட்மார்க் அறிக்கையைப் புரட்டுங்க, படிக்க வந்த பொண்ணுங்களை ஆஸ்பத்திரிங்க வேலையாள் மாதிரி வச்சு வேலை வாங்குறாங்க, சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு அடிப்படை நர்சிங்குக்கு மேல கூடுதல் படிப்பு வேணும்னு தெளிவா சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி தீர்ந்த விஷயத்தை இவங்க மறுபடியும் தோண்டுறாங்க.

பழைய_ஏடு:
கூடுதல் படிப்புன்னா நர்சிங் வேலைக்கு *மேல* கூடுதல்னு அர்த்தம், நர்சிங் வேலைக்குப் *பதிலா* இல்ல. அரைச் சரித்திரம்னு என்னைச் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தையைப் பாருங்க.

இரவுப்பணி:
அதே. மேல. பதிலா இல்ல. இதை நான் எழுதினா மட்டும் வார்டு வெறின்னு சொல்றாங்க.

நான் 19 வருஷமா வார்டுல இருக்கேன், என்கிட்ட வர்ற மாணவிகளுக்கு உங்க டியூட்டர்கள் சொல்லிக்கொடுக்காததை எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அதுக்கு எனக்குச் சம்பளமும் இல்ல, பேரும் இல்ல, மார்க் ஷீட்ல கையெழுத்து மட்டும் காலேஜ்ல இருந்து வர்றவங்களோடது. மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் டியூப் போட்டுட்டு சிரிஞ்ச்ல காத்து அடிச்சு ஸ்டெத் வச்சு வயித்துல சத்தம் கேட்டு இடம் உறுதி பண்றது, எத்தனை டியூட்டருக்குக் கை நடுங்காம வரும்? நான் தூக்கத்துல எழுப்பினாக்கூட பண்ணுவேன்.

கரும்பலகை:
ஐயோ. இதை நீங்களே எழுதிட்டீங்களே, நான் தேடிக்கிட்டு இருந்தது இதுதான். காத்து அடிச்சு சத்தம் கேக்குறதை நம்பக் கூடாதுன்னு இங்கிலாந்துல நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2005லயே எச்சரிக்கை விட்டாச்சு. டியூப் நுரையீரல்ல இருந்தாக்கூட வயித்து மேல சத்தம் கேக்கும், அப்படியே பால் ஊத்தினா ஆள் போயிடுவாங்க. டியூப்ல இருந்து உறிஞ்சின திரவத்தோட பிஎச், அதாவது அமிலத்தன்மை அளவு, 5.5 இல்ல அதுக்குக் கீழ இருக்கான்னு பார்க்கணும், திரவம் வரலைன்னாலோ சந்தேகம்னாலோ எக்ஸ்ரே. 19 வருஷமா இதையா சொல்லிக்கொடுத்துட்டு இருக்கீங்க? உங்க கடைசி 5 வருஷம் இதுக்கு என்ன உதவி பண்ணிச்சு? படிக்காத அனுபவம் பழைய தப்பை வேகமாச் செய்யத்தான் கத்துக்கொடுக்கும்.

டிரிப்_ஸ்டாண்ட்:
மேடம், பிஎச் பார்க்கிற பேப்பர் எத்தனை வார்டுல இருக்குன்னு நீங்க வாரத்துல 3 நாள் நிக்கிறப்ப பார்த்திருக்கீங்களா? நான் கேட்டு எழுதிக் குடுத்து மாசக்கணக்கா ஆச்சு, இன்னும் வரல. இருக்கிறதை வச்சுப் பார்க்கிறவங்களைக் கொலைகாரங்க ரேஞ்சுக்குப் பேசாதீங்க.

கரும்பலகை:
பேப்பர் இல்லன்னா எக்ஸ்ரே கேளுங்க. நான் யாரையும் கொலைகாரின்னு சொல்லல, சொல்லாததை என் வாயில போடாதீங்க.

டிரிப்_ஸ்டாண்ட்:
"ஆள் போயிடுவாங்க"ன்னு எழுதினது யாரு, நானா?

இரவுப்பணி:
நான் சத்தம் மட்டும் கேட்டுட்டு ஃபீட் ஆரம்பிப்பேன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா? எக்ஸ்ரே பார்க்காம ஒரு நாளும் ஆரம்பிச்சது இல்ல. ஒரு உதாரணம் சொன்னா அதைப் பிடிச்சுத் தொங்குறாங்க, கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: கடைசி 5 வருஷத்துக்குள்ள 2 வருஷம் முழுநேரம், உங்களுக்கு இருக்கா இல்லையா?

கரும்பலகை:
"உறுதி பண்றது"ன்னு எழுதியிருக்கீங்க, மேல போய்ப் பாருங்க. இப்ப எக்ஸ்ரே வந்துடுச்சு. எனக்கு இருக்கான்னு கேட்டா, சேரும்போது இருந்துச்சு, அந்த வரி சேர்றவங்களுக்குத்தான், இதை எத்தனை தடவை சொல்றது.

இரவுப்பணி:
11 வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சு. அப்போ கடைசி 5 வருஷத்துக்குள்ள இல்ல. தெளிவாச்சு, நன்றி.

சிம்_லேப்:
போன வருஷத் திரியிலயும் இதே கதைதான், அப்பவும் இதே இரவுப்பணி "டம்மியை வச்சு நர்ஸ் உருவாக்க முடியாது"ன்னு குதிச்சாங்க. 2014ல அமெரிக்காவோட மாநில நர்சிங் கவுன்சில்கள் சேர்ந்து நடத்தின ஆய்வு, 10 கல்லூரி, கிளினிக்கல் நேரத்துல பாதி வரைக்கும் நிஜ பேஷன்ட்டுக்குப் பதிலா டம்மியை வச்சு சிமுலேஷன் லேப்ல நடத்தியும் லைசென்ஸ் தேர்வுலயும் வேலைத் திறமையிலயும் வித்தியாசம் இல்ல. வார்டே பாதி குறையலாம்னு ஆனப்புறம் டீச்சருக்கு மட்டும் எதுக்கு 2 வருஷக் கணக்கு?

இரவுப்பணி:
வந்துட்டாங்க. போன வருஷம் நான் எழுதின பதிவை ரிப்போர்ட் அடிச்சுத் தூக்க வச்சது யாருன்னு எனக்குத் தெரியும், இன்னும் மறக்கல. அந்த ஆய்வை முழுசாப் படிச்சீங்களா? அதுல சிமுலேஷன் நடத்தினவங்க அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆசிரியர்கள், ஒவ்வொரு சிமுலேஷன் முடிஞ்சதும் உக்கார வச்சு என்ன நடந்துச்சுன்னு முறையாப் பேசினாங்க. உங்க லேப்ல என்ன நடக்குது? மேனிகினுக்கு பெட்ஷீட் மாத்தி போட்டோ எடுத்துட்டு பூட்டிடுறீங்க. அதுவும் மாணவர்களைப் பத்தின ஆய்வு, டீச்சரைப் பத்தினது இல்ல. ஏற்கெனவே வார்டு தெரிஞ்ச டீச்சர் லேப்ல நின்னா பலன் வரும், ரெண்டும் தெரியாதவங்க நின்னா?

சிம்_லேப்:
எங்க லேப்பை நீங்க எப்பப் பார்த்தீங்க? நான் எதையும் ரிப்போர்ட் அடிக்கல. ஆதாரம் இருந்தா போடுங்க, இல்லன்னா வாபஸ் வாங்குங்க.

நாலாம்_வருஷம்:
நான் இங்க ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன், வார்டுல ஒரு மாதிரி, காலேஜ்ல ஒரு மாதிரி சொல்றாங்க, பிராக்டிகல் எக்ஸாம்ல எதைச் செய்யறது? ரைல்ஸ் டியூபுக்கே எங்க ப்ரொசீஜர் புக்ல இன்னும் காத்து அடிக்கிறதுதான் இருக்கு.

டிரிப்_ஸ்டாண்ட்:
அந்த புக் எழுதினவங்க வார்டுல இருந்தவங்களா, காலேஜ்ல இருந்தவங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

கரும்பலகை:
அதைப் பசங்க கையில இருந்து பிடுங்கணும், அதுக்குத்தான் தொடர்ந்து படிக்கிற ஆசிரியர் வேணும்னு சொல்றேன். நான் என் பாடத்துல அதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு.

இரவுப்பணி:
உங்க பாடத்துல நிறுத்துனீங்க, வார்டுல வந்து ஒரு ஸ்டாஃப் கிட்டயாவது சொன்னீங்களா? வாரத்துல 3 நாள் நிக்கிறீங்களே. ஸ்டாஃப் கிட்ட பேசினா மரியாதை குறைஞ்சுடும்னு பசங்களைக் கூட்டிக்கிட்டு ஓரமா நின்னுட்டுப் போறவங்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். வார்டுல வேலை பார்த்திருந்தா யார்கிட்ட எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்சிருக்கும்.

கரும்பலகை:
நான் ஒரு தடவை சொன்னேன். "மேடம், நீங்க உங்க ஸ்டூடண்ட்டைப் பாருங்க"ன்னு இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அப்புறம் எந்த முகத்தோட சொல்றது. உங்க மாதிரி ஆளுங்கதான் அங்க இருக்காங்க.

இரவுப்பணி:
இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதுல என்ன தப்பு? அந்த வார்டுல உங்களுக்குப் பொறுப்பு இல்ல. பொறுப்பு இல்லாத இடத்துல 11 வருஷம் நின்னதை அனுபவம்னு கணக்கு எழுதாதீங்கன்னுதான் முதல் பதிவுல இருந்து சொல்லிட்டு வர்றேன். கடைசி 5 வருஷம், அதுல 2 வருஷம்.

சிம்_லேப்:
ரிப்போர்ட் விஷயத்துக்கு ஆதாரம் இன்னும் வரல. காத்துக்கிட்டு இருக்கேன்.